நான்காவது புகைபோக்கி

ஊட்டியில் மாமா காட்டிய அந்த பங்களாவின் கூரையில் நான்கு புகைபோக்கிகள் இருந்தன. உள்ளே கணப்படுப்புகள் மூன்றுதான். இந்தக் கணக்கை நான் போட்டபோது எனக்கு ஒன்பது வயது. பழைய கட்டடங்களை அளந்து வரைபடம் போடுவதே இன்று என் வேலை. ஆனாலும் அவ்வளவு சரியாக வேறெதையும் கணக்கிட்டதாக நினைவில்லை.

மாமா அம்மாவின் தம்பி. சுற்றுலா வருபவர்களை ஊட்டித் தெருக்களில் நடத்திக் கூட்டிப்போய்ப் பழைய கட்டடங்களைக் காட்டுவார். அம்மாவுக்கு ஃபேக்டரியில் லீவு கிடைக்காத கோடை விடுமுறைகளில் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. வரிசை மாறாது: தேவாலயம், செங்கல் கோர்ட்டு, நூலகம், கடைசியில் மேட்டுத் தெருவில் பூட்டிக் கிடக்கும் பங்களா. ஒவ்வொன்றிலும் ஜன்னல்களை எண்ணி நோட்டில் எழுதுவேன். பங்களாவில் மட்டும் எழுதியதில்லை. பயம்.

அங்கே வாட்ச்மேன் பூட்டைத் திறந்துவிட்டதும், கூடத்தின் பின்சுவரில் எல்லோரையும் கை வைக்கச் சொல்வார் மாமா. மற்ற சுவர்கள் பாசி பூத்துச் சில்லிட்டிருக்கும். அது மட்டும் காய்ச்சல்காரரின் நெற்றிபோல வெதுவெதுவென்றிருக்கும். குளிரில் செத்துப்போன வெள்ளைக்காரத் துரைசானி அந்தப் பக்கம் இன்னும் தீக்காய்ந்துகொண்டிருக்கிறாள் என்பார். நான் ஒரு முறைதான் தொட்டேன். அன்று முழுவதும் அந்தக் கையால் சாப்பிடவில்லை.

ஒரு நாள் மேடேறும்போது மாமா என்னிடம் குனிந்து சொன்னார்: “கண்ணு, அந்தக் கோட்டுக்காரரு பங்களாவ வாங்கறவங்க ஆளு. ஏதாச்சும் கோளாறுன்னா வாட்ச்மேனுக்கு இருக்க எடம் போயிரும். நீ ஒண்ணும் பேசாம வரோணும், சரியா?”

வாட்ச்மேன் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த வயதானவர். என்னைக் கண்டால் சிரிப்பார். அவருக்காக நான் யோசித்தேன். பேய் இருந்தால் யார் வாங்குவார்கள்? கோளாறு என்றால் பேய்தானே. அன்றுதான் தைரியமாகத் தலை தூக்கிப் பார்த்தேன். மூடுபனி ஒரு நொடி விலகியபோது நான்காவது புகைபோக்கியிலிருந்து மெல்லிய புகை எழுந்து பனியோடு கலந்தது.

உள்ளே எல்லோரும் சுவரைத் தொட்டார்கள். “பேய்க்கே இந்தக் குளிர் தாங்கலை போல,” என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள். கோட்டுக்காரர் மட்டும் கையை எடுக்கவில்லை.

“பேயெல்லாம் இல்லீங்க,” என்றேன். “மேல நாலு புகைபோக்கி, உள்ள மூணு அடுப்பு. இன்னொரு ரூம் இருக்குதுங்க.”

மாமா என் தோளைப் பிடித்தார். வலித்தது.

கோட்டுக்காரர் பின்பக்கம் போனார். சுவரோரம் விறகு அடுக்கியிருந்தது; அதற்குப் பின்னால் தாழ்ந்த கதவு ஒன்றின் மேல்விளிம்பு தெரிந்தது. வாட்ச்மேன் குறுக்கே நின்றார். “வெறும் விறகுதான் சார். வேற ஒண்ணும் இல்ல.” மறுபடியும் அதையே சொன்னார். கட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

கதவு திறந்தது. நீலமான இருட்டு. கணப்பின் முன்னால் சாம்பல்நிறக் கம்பளி போர்த்திய ஒரு பெண் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்தாள், இமைக்கவில்லை. துரைசானியேதான் என்று நினைத்தேன்.

“எல்லாரும் போயிட்டாங்களா?” என்று கேட்டாள் அவள். கண் தெரியாதவள்.

வாட்ச்மேன் தரையைப் பார்த்தபடி, “எம் பொஞ்சாதி சார்” என்றார். “இங்கத்து எஸ்டேட்ல தேயிலக் கொழுந்து பறிச்சவ. ரிட்டயர் ஆனதும் லைன் வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. இங்க தனி ஆளுக்குத்தான் வேலைன்னாங்க.”

“சாயங்காலத்துக்குள்ள ரெண்டு பேரும் கிளம்பிடுங்க,” என்றார் கோட்டுக்காரர். கோபமாகக்கூட இல்லை.

அந்த அம்மாள் என் மூச்சுச் சத்தம் கேட்ட பக்கம் திரும்பினாள். “சின்னப் புள்ளயா? பயந்துட்டியாம்மா?” என்று டப்பாவைத் தடவி ஒரு வர்க்கி பிஸ்கட்டை எடுத்து நீட்டினாள். அவள் விரல்கள் சூடாக இருந்தன.

இறக்கத்தில் மாமா எனக்கு முன்னால் நடந்தார். பேய் இல்லையென்று கண்டுபிடித்ததற்கு அவர் என்னைப் பாராட்டுவார் என்று காத்திருந்தேன். வர்க்கியில் பாதியை உடைத்து நீட்டினேன். வேண்டாமென்று தலையசைத்தார். மாமாவுக்குப் பசியில்லை என்று நினைத்து, மிச்சத்தையும் நானே தின்றேன்.