டோக்கன் இல்லாத கண்

இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, வலது கண்ணால் மட்டும் எதிர்ச் சுவர் விளம்பரத்தைப் பார்க்கிறார் ஜெயவேலு. "பல்... பொடி" என்று பெரிய எழுத்தை வாசிக்கிறார். பிறகு கழுத்தை முன்னால் நீட்டி, அடியில் உள்ள பொடி எழுத்தையும் கூட்டிக் கூட்டிப் படித்து முடிக்கிறார். "பார்வை கீது, கீது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கையை எடுக்கிறார். ஆறே காலுக்கு பீச் போகும் மின்சார வண்டியைப் பிடிக்க ஓடி வருகிறவர்கள் அதுவரை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மேற்குத் தாம்பரத்தில் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் அந்த சைக்கிள் ஸ்டாண்டில் நாலு வருஷமாகப் பொழுது இப்படித்தான் விடிகிறது.

கீற்றுக் கொட்டகை ஒன்று. அதற்குள் ஏறக்குறைய இருநூறு சைக்கிள்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே நம்பர் போட்ட தகர டோக்கன் இரண்டு. ஒன்று ஹாண்டில்பாரில் தொங்கும், இன்னொன்று ஆசாமியின் பையில் போகும். எந்த மணி யாருடையது, எந்த சீட்டில் பஞ்சு பிதுங்குகிறது என்பதெல்லாம் ஜெயவேலுவுக்கு அத்துப்படி. ஆனாலும் டோக்கன் இல்லாமல் ஒரு சைக்கிளும் வெளியே போகாது. செயலகத்தில் வேலை பார்க்கும் ஏகநாதன் ஒரு ஐப்பசி மழையில் தொப்பலாக நனைந்து வந்து, டோக்கனை மின்சார வண்டியிலேயே தவற விட்டுவிட்டதாகச் சொன்னார்.

"என்னப்பா, ஆறு வருஷமா வர்றேன். என் மூஞ்சி தெரியாதா?"

"உங்க மூஞ்சி எனக்குத் தெரியும் சார். சைக்கிளுக்குத் தெரியுமா?"

ஏகநாதன் அன்று சேலையூர் வரை நடந்தே போனார். மறுநாள் ரேஷன் கார்டைக் கொண்டுவந்து காட்டித்தான் சைக்கிளை மீட்டார்.

கொட்டகையின் கடைசியில் ஒரு பச்சை ராலி சைக்கிள் நிற்கிறது. எவரோ விட்டுவிட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. மாதம் ஒரு தரம் அதற்கு எண்ணெய் போட்டுக் காற்றடித்து வைக்கிறார். நல்ல விலைக்குக் கேட்டு வந்தவர்கள் உண்டு. "நாளைக்கே வந்து நிப்பான். இன்னா பதில் சொல்றது?" என்று அனுப்பிவிட்டார்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் யாருடையது என்றே தெரியாத ஒரு பொருள் வந்து சேர்ந்தது.

முடிச்சூரில் சொந்த நிலத்தில் கதிர் அடித்துக்கொண்டிருந்தபோது நெல் சுணை ஜெயவேலுவின் வலது கண்ணில் பட்டது. யாரோ சொன்னார்கள் என்று பச்சிலைச் சாற்றைப் பிழிந்து விட்டார்கள். கண்ணில் பூ விழுந்துவிட்டது. ஐந்து வருஷம் அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் வேறு, இருட்டு வேறு என்பதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. ஸ்டேஷன் வழியாகப் பள்ளிக்கூடம் போய்வரும் ரத்தினபாய் டீச்சர்தான் அவரைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். செத்துப்போன ஒருவர் எழுதிக் கொடுத்திருந்த கண் வந்தது. இரண்டு கண்ணையும் கட்டிப் போட்டு மூன்று வாரம் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். கட்டை அவிழ்த்ததும் ஜெயவேலு முதலில் பார்த்தது மேல் சுவரில் இருந்த பல்லியை. இரண்டாவதாகக் கேட்டார்: "யாருதுங்க இது?"

"அதை நாங்க சொல்ற வழக்கமில்லை" என்றார் டாக்டர்.

வழக்கமில்லாததைச் சொல்வதற்கு வார்டில் ஆள் பஞ்சமா? கல்யாணம் ஆகாத பெண் ஒருத்தியுடையது என்றாள் ஆயா. ரிடையரான போஸ்ட்மாஸ்டர் என்றார் கம்பவுண்டர். பக்கத்துக் கட்டில்காரரோ, திரிசூலத்தில் கல் உடைக்கிற ஆள் என்று சத்தியம் செய்தார். ஜெயவேலு அன்றைக்குக் குழம்பியவர்தான், இன்னும் தெளியவில்லை.

முழுக் கண்ணையும் மாற்றவில்லை, முன்னால் இருக்கும் கண்ணாடி போன்ற சவ்வை மட்டும்தான் மாற்றினோம், கைக்கடிகாரத்துக்குக் கண்ணாடி மாற்றுவது மாதிரி என்று டாக்டர் பொறுமையாக விளக்கியிருக்கிறார். ஜெயவேலு ஒப்புக்கொள்ளவில்லை. "கண்ணாடி மட்டும் மாத்தினா, வாட்ச்சு ஏன் சார் வேற டைம் காட்டுது? கோயில்ல ஆர்மோனியம் வாசிச்சா இந்தக் கண்ணுல மட்டும் தண்ணி வருது. நம்ம கண்ணு கம்முனு கீது."

கோயில் என்று அவர் சொன்னது மாதா கோயிலை. அந்தத் தண்ணீரை வைத்து, கொடுத்தவர் கிறிஸ்தவர் என்று ஒரு வருஷம் தீர்மானமாக இருந்தார். நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று, கல்லறைத் தோட்டத்துக்கு மெழுகுவர்த்தியோடு போய், எந்தக் கல்லறையில் வைப்பது என்று தெரியாமல் வாசற்படியிலேயே ஏற்றிவிட்டு வந்தார். ரத்தினபாய் டீச்சர் கேட்டுச் சிரித்தார். "அது கத்தோலிக்கருக்கு, ஜெயவேலு. எங்க சபையில மெழுகுவர்த்தி எல்லாம் கிடையாது."

"அப்ப அவங்க உங்க சபையா இருந்தா கோவிச்சுக்குவாங்களா டீச்சரம்மா?"



அடுத்த வருஷம் எதற்கும் இருக்கட்டும் என்று மெழுகுவர்த்தியும் ஏற்றினார், தை அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தார். பெயர் சொல்லுங்கள் என்று ஐயர் கேட்டபோது "போஸ்ட்மாஸ்டர்னு சொல்லுங்க சாமி" என்றார். பல்லாவரம் தர்காவில் சர்க்கரை கொடுத்ததும் உண்டு. மனைவி தையல்நாயகிக்கு இது எல்லாம் வேடிக்கை. தெருவில் போகிற பட்டுப் புடவையை ஜெயவேலு சற்று அதிகமாகப் பார்த்துவிட்டால், "அது யாரு பாக்கறது? நீயா, போஸ்ட்மாஸ்டரா?" என்பாள்.

"குடுத்தது பொண்ணா இருந்தா, பொடவையத்தான் பாக்கும்" என்பார் இவர். சிரிப்பதற்காகச் சொல்வதில்லை.

ரத்தினபாய் டீச்சர் கண் தானப் படிவத்தைக் கொண்டுவந்து நீட்டியபோதுதான் குழப்பம் முற்றியது. தாம்பரம், குரோம்பேட்டை, கீழ்க்கட்டளை என்று டீச்சர் வீடு வீடாக ஏறி இறங்குகிறவர். அவர் சொல்லி ஜெயவேலு தட்டிய காரியம் கிடையாது. இதை மட்டும் மூன்று வருஷமாகத் தட்டிக் கழித்தார்.

"இடது கண்ணுக்கு மட்டும் தனி ஃபாரம் கீதா டீச்சரம்மா? அது எங்கம்மா குடுத்தது, எழுதித் தர்றேன். வலது நம்மது இல்ல. டோக்கன் இல்லாம நம்மகிட்ட நிக்குது. ஊரான் பொருள நான் எப்பிடி எடுத்து இன்னொருத்தருக்குக் குடுக்கறது?"

போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிழக்குத் தாம்பரம் பள்ளிக்கூட ஹாலில் டீச்சர் கூட்டம் போட்டார். எண்பது பேர் வந்திருந்தார்கள். டாக்டர் பேசியபோது பாதிப் பேர் விசிறிக்கொண்டிருந்தார்கள். பிறகு ஜெயவேலுவை மேடையேற்றினார் டீச்சர். அவர் வழக்கம்போல் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, ஹாலின் கோடியில் தொங்கிய காலண்டரைப் பார்த்து மாதத்தையும் தேதியையும் சொன்னார். "அடியில எமகண்டம் போட்டுக்கீது, மூணாவது எழுத்துல எண்ணெ பட்டுக்கீது" என்றார். ஒருவர் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு "ஆமா" என்றார். ஹால் கைதட்டியது. படிவங்களுக்காகக் கைகள் நீண்டன. முன் வரிசையில் ஒரு அம்மாள் கட்டைவிரலை மைப் பெட்டியில் ஒற்றியே விட்டாள்.

அப்போது பின்னாலிருந்து சம்பந்தம் எழுந்தான். தையல்நாயகியின் தம்பி, மாமனைச் சீண்டுவதென்றால் சோறு வேண்டாம் அவனுக்கு. "எல்லாம் சரி மாமா. நீ போட்டியா கையெழுத்து?"

ஜெயவேலு டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லு மாமா. வாங்கிக்கத் தெரியுது இல்ல?"

"அது இன்னான்னா மச்சான்..." என்று ஆரம்பித்து டோக்கன் கதையைச் சொன்னார். மேடையில் சொல்லும்போது அது வேறு மாதிரிப் போயிற்று. சிலர் சிரித்தார்கள். கண் வாங்கினவனே தரப் பயப்படுகிறான், இதில் ஏதோ இருக்கிறது என்று ஒரு முணுமுணுப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. படிவங்கள் மடிந்தன. முன் வரிசை அம்மாள் விரல் மையைத் தலையில் தடவிக்கொண்டாள். ரத்தினபாய் டீச்சர் திரும்பி வந்த தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

மேடைக்குக் கீழே ஓர நாற்காலியில் திரிபுரசுந்தரி உட்கார்ந்திருந்தாள். கீழ்க்கட்டளையில் ரவிக்கை தைத்துப் பிழைத்தவள். இரண்டு கண்ணிலும் பூ விழுந்து மெஷினை மூடி வைத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் பெயர் எழுதிவிட்டு இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறாள். ஜெயவேலுவின் குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தேடி முகத்தைத் திருப்பினாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

"ஒருத்தர் உங்க ஸ்டாண்டுல வண்டிய வுட்டுட்டு, டோக்கனே வேணாம்னு போறாருன்னு வைங்க. அவர் திரும்பி வர்றதுக்கா வுட்டுட்டுப் போறாரு?"

அப்படி ஒரு ஆள் இருபது வருஷத்தில் ஸ்டாண்டுக்கு வந்ததில்லை என்று ஜெயவேலு சொல்ல நினைத்தார். பச்சை ராலி ஞாபகம் வந்தது. அதை விட்டவன் டோக்கன் வாங்கிக்கொண்டுதான் போனான். அப்படியானால் அது வேறு, இது வேறு. வேறு என்றால் எப்படி வேறு? "எனக்கு ஒண்ணும் புரியலம்மா" என்றார் நிஜமாகவே. "குடுத்தவங்களையே கேட்டாத்தான் உண்டு."

எப்படி என்று சம்பந்தம் கேட்பதற்குள் மேடையை விட்டு இறங்கி, டீச்சரின் அடுக்கிலிருந்து ஒரு படிவத்தை உருவினார். மேஜைமேல் பரப்பினார். சம்பந்தத்தைப் பார்த்து, "பேனாவக் குடுடா" என்றார்.

அவன் கொடுத்தான். ஜெயவேலு கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா முள்ளை வைத்துவிட்டு நிறுத்தினார். பிறகு இடது உள்ளங்கையைத் தூக்கி, தன் இடது கண்ணை இறுகப் பொத்திக்கொண்டு, தாளை மேலிருந்து கீழ்வரை மெல்லக் கூட்டிக் கூட்டிப் படித்தார். கையை எடுக்காமலே கையெழுத்துப் போட்டார்.