சின்னப் பிள்ளைகூட ஓட்டும் கார்

யட்டவத்தைக்கு மேலே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பதினேழு வருஷம் துரையின் காரை ஓட்டினேன். அந்தப் பழைய காரைப் பற்றி இன்று யாராவது பெருமையாகப் பேசினால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அதன் முன்னால் குனிந்து ஹேண்டில் போட்டவனுக்குத்தான் அதன் லட்சணம் தெரியும். மழைக்காலத்தில் இருபது சுற்றுச் சுற்றினால் ஒரு முனகல். ஒருமுறை ஹேண்டில் திருப்பி அடித்து வலது மணிக்கட்டு பிசகியது. இன்றும் சோறு பிசையும்போது வலிக்கிறது. கண்டிக்குப் போகிற பலகடுவ ஏற்றத்தில் பாதியிலேயே கொதித்து நின்றுவிடும். நான் டின்னைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் தேடிப் போவேன். வெள்ளைக்காரத் துரை பின்சீட்டில் சுருட்டுப் பற்றவைப்பார். ஆனால் அந்தச் சனியன் மலைப்பாதையில் என் ஒருவன் பேச்சைத்தான் கேட்கும்.

அதனால்தான் கராஜுக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு தனி வீடு கிடைத்தது. இரண்டு அறை, புகைபோக்கி வைத்த அடுப்படி. என் மனைவிக்கு இழுப்பு. கூலியாட்களின் லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைகளில் குடியிருந்த காலத்தில் பக்கத்துக் காம்பராவில் அடுப்பு மூட்டினாலே அவள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் மூச்சு விடுவாள். டிரைவர் வேலை இருக்கும்வரை இந்த வீடு, வேலை போனால் மறுபடி லயம். மாதா படத்துக்கு முன்னால், அந்த வேலை நிலைக்க வேண்டும் என்பதைத் தவிர அவள் வேறு எதையும் கேட்டதில்லை.

வெள்ளைக்காரத் துரை சீமைக்குப் போய்ச் சேர்ந்தார். பிறகு வந்தவர் சிங்களத் துரை, முப்பது வயதிருக்கும், தங்கமான மனுஷன். பழசை விற்றுவிட்டுப் புதுக்கார் வாங்கினார். சாவியைத் திருப்பினால் போதும், கிளம்பிவிடும். முதல் தடவை கண்டிக்குப் போனபோது பலகடுவ ஏற்றத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்கவில்லை. அப்பாடா, இனி என் கைக்கு ஓய்வு என்று நினைத்தேன்.

திரும்பி வந்து பங்களா வாசலில் இறங்கியதும் துரை கேட்டார்.

"என்ன டிரைவர், பழசு நல்லமா, புதுசு நல்லமா?"

ஆசையாக வாங்கியிருக்கிறார், மனம் குளிரட்டுமே என்று வாயை அவிழ்த்துவிட்டேன்.

"அதையும் இதையும் ஒண்ணா வச்சுப் பேசாதீங்க தொரை. அதுக்கு மாடு மாதிரி ஒழைக்கணும். இதுக்கு டிரைவரே தேவையில்லீங்க. சின்னப் புள்ளகூட ஓட்டும்."

துரை சிரித்தார். "அப்ப நானே ஓட்டுறேனே. லைசன்ஸ் இருக்குதானே."

ஒரு மாதம் காரைத் துடைத்துக்கொண்டு கராஜ் வாசலில் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒருநாள் கூப்பிட்டனுப்பினார். அவருக்கும் சங்கடம்தான், என் முகத்தைப் பார்க்கவில்லை. மலையில் கூலியாகப் பேர் பதிந்து தருவதாகச் சொன்னார். அதாவது புல்வெட்டு, லயத்தில் ஒரு காம்பரா.

வீட்டில் சொன்னேன். "ஒங்கள யாரு அவ்வளவு பேசச் சொன்னா? நல்ல காருங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கலாம்ல?" என்றாள் மனைவி. அவள் கேட்டதில் என்ன தப்பு? என் வாயை நானேதான் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

சாமான் தூக்க ஆள் தேடிக்கொண்டிருந்தபோது துரையே காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். "மழை வருது, ஏறுங்க" என்றார். டிக்கியில் டிரங்குப் பெட்டியும் பானைகளும். மடியில் மாதா படத்தோடு மனைவி பின்சீட்டில் உட்கார, அவள் பக்கத்தில் நான். லயத்துக்கு இறங்கும் பாதையில் மூன்று முடக்கு. ஒவ்வொன்றிலும் என் வலது கால் தானாகவே தரையை மிதித்தது. ஒரு தப்பாவது செய்ய மாட்டாரா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். கியர் கத்தவில்லை. சேற்றில் சக்கரம் சறுக்கவில்லை. லயத்து அடுப்புப் புகை தெரிந்ததும் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"சரியா ஓட்டுறேனா டிரைவர்?"

"ரொம்ப நல்லா ஓட்டுறீங்க தொரை" என்றேன்.

அது பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.