சதுரப் பெட்டி

ஊருக்குத்தான் உபதேசம் என்று எங்கள் அப்பாவை யாரும் சொல்லிவிட முடியாது. கல்லூரியில் பையன்களுக்கு எதை நடத்தினாரோ அதையே வீட்டிலும் நடத்தினார். அவர் தத்துவ ஆசிரியர். எந்தக் காரியம் அதிகம் பேருக்கு அதிக சந்தோஷத்தைத் தருகிறதோ அதுவே நல்ல காரியம் என்று சீமையில் சிலர் எழுதி வைத்த கொள்கையின் மேல் அவருக்கு அபாரப் பிரியம். மேலப்புதூரில் எங்களைப் போன்ற வேதக்காரக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை கண்டு வந்து, கறிச்சோறு தின்றுவிட்டுத் தூங்கும். எங்கள் வீட்டில் மட்டும் சாப்பாடு முடிந்ததும் கொட்டை போடுவோம்.

கொட்டை என்றால் புளியங்கொட்டை. ஆளுக்கு ஐந்து. கூடத்து மேசை மேல் இரண்டு ஓலைப்பெட்டிகள் இருக்கும். ஒன்று வட்டம், ஒன்று சதுரம். இரண்டையும் ஒரு துண்டால் மூடிவிட்டு, அந்த வாரத்துப் பிரச்சனையை அப்பா எடுத்துச் சொல்வார். அது நடக்க வேண்டும் என்பவர்கள் துண்டுக்கடியில் கையை விட்டு வட்டத்தில் போட வேண்டும். வேண்டாம் என்பவர்கள் சதுரத்தில். ஆசையோ வருத்தமோ எவ்வளவு பெரிதோ அவ்வளவு கொட்டை போடலாம். மனசு இல்லையென்றால் மீதியைக் கையிலேயே வைத்துக்கொள்ளலாம். யார் எதில் போட்டார்கள் என்று கேட்கக் கூடாது. சின்னவர் முதலில், பெரியவர் கடைசியில். இல்லாவிட்டால் பெரியவர்கள் முகத்தைப் பார்த்து நாங்கள் போட்டுவிடுவோமாம். "எனக்கும் அஞ்சுதான், உன் தம்பிக்கும் அஞ்சுதான்" என்று அப்பா பெருமையாகச் சொல்வார். தம்பிக்கு அப்போது ஐந்து வயது. பாதி நாள் ஒரு கொட்டையை வாயில் போட்டுக்கொள்வான்.

கிராமபோன் வாங்குவதா, நாய் வளர்ப்பதா, அண்ணன் கிரிக்கெட் விளையாடப் போகலாமா எல்லாம் இப்படித்தான் முடிவாயின. யார் எதில் போட்டார்கள் என்பது ரகசியம் என்றாலும் அத்தையின் கொட்டைகள் எங்கே விழும் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். அத்தை அப்பாவின் தங்கை. தம்பி பிறந்தபோது அம்மாவுக்கு ஒத்தாசையாக வந்தவள், கல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்து நின்றுபோக, எங்களோடேயே இருந்துவிட்டாள். அவளுடைய ஐந்தும் நாங்கள் ஆசைப்பட்ட பக்கம்தான். ஸ்ரீரங்கத்தில் ஏகாதசிக் கூட்டம் பார்க்க வேண்டும், கடைகளில் வளையல் வாங்க வேண்டும் என்று நான் அழுத வருஷம், அம்மா முடியவே முடியாது என்றாள். நமக்கும் ஏகாதசிக்கும் என்ன சம்பந்தம் என்பது அவள் கட்சி. அத்தையின் ஐந்தால் நான் ஜெயித்தேன். அவளே பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டி என்னைக் கூட்டிப்போய், அந்த நெரிசலில் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, பச்சை வளையல் வாங்கிக் கொடுத்தாள்.

எனக்கு ஒன்பது வயதானபோது அத்தைக்கு இருமல் வந்தது. மழைக்காலம் முடிந்தும் நிற்கவில்லை. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், காசநோய் என்றார். இரண்டு வழி உண்டு என்றார். வீட்டிலேயே தனி அறையில் வைத்து ஊசி போட்டுப் பார்க்கலாம். அல்லது வெளியூரில் இதற்கென்றே இருக்கும் ஆஸ்பத்திரியில் படுக்கைக்குச் சொல்லிவைக்கலாம். அங்கே குழந்தைகளைப் பார்க்க விடமாட்டார்கள். வீட்டில் மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள், யோசித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார்.

அத்தை பின்கட்டு அறைக்குப் போனாள். அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். அவள் தொட்டதையெல்லாம் அம்மா வெந்நீரில் போட்டாள். பக்கத்து வீட்டில் எனக்கு ஒரு சிநேகிதி இருந்தாள். அவளை இனி எங்கள் வீட்டுப் பக்கம் போகக் கூடாது என்று அவள் அம்மா கட்டிப்போட்டுவிட்டாள். எனக்கு அந்த வருத்தம்தான் பெரிதாக இருந்தது. அத்தையின் வருத்தத்தை நான் நினைக்கவேயில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா பெட்டிகளை எடுத்து வைத்தார். அத்தை பின்கட்டு வாசற்படியில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். அப்பா வகுப்பில் பேசுவதுபோல நிதானமாகத்தான் தொடங்கினார். "ஒருத்தர் பிரிஞ்சு இருக்கிற கஷ்டம் ஒரு பக்கம். அஞ்சு பேருக்கு வரக்கூடிய ஆபத்து ஒரு பக்கம். அவளும் இந்த வீட்டு ஆளுதான், அவளுக்கும் அஞ்சு உண்டு" என்றார். பிறகு துண்டை எடுத்துப் பெட்டிகளை மூடினார். ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதென்றால் வட்டம். வீட்டில் வைத்துக்கொள்வதென்றால் சதுரம்.

தம்பி போட்டான். நான் போனேன். துண்டுக்கடியில் என் கை கொஞ்சம் தயங்கியது உண்மைதான். ஆனால் அத்தையோடு கூடப்பிறந்த அப்பா சதுரத்தில் போடாமலா இருப்பார், அம்மா போடாமலா இருப்பாள், அத்தை தன் ஐந்தையும் அங்கேதானே போடுவாள் என்று கணக்குப் போட்டேன். என் ஐந்தால் ஒன்றும் ஆகிவிடாது. சிநேகிதி வந்தாலும் வரலாம். ஐந்தையும் வட்டத்தில் போட்டேன். பிறகு அண்ணன், அம்மா, அப்பா.

அன்றைக்கு மட்டும் அத்தையின் முறை எல்லோருக்கும் கடைசியாக வந்தது. அவள் தொட்ட பிறகு வேறு யாரும் கையை விடக் கூடாது அல்லவா? அவள் வந்து துண்டுக்கடியில் கையை விட்டாள். விட்ட கையை எடுக்கவேயில்லை. துண்டு மெல்ல அசைந்துகொண்டே இருந்தது. காய்ச்சலில் அவளுக்கு எது எந்தப் பெட்டி என்று மறந்துவிட்டது போலும் என்று எனக்குத் தோன்றியது. உதவி செய்கிற நினைப்பில், என் பக்கமிருந்த பெட்டியைக் காட்டி, "வட்டம் இந்தப் பக்கம் அத்தே" என்றேன்.

"தெரியும்டி" என்றாள். கையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வட்டத்தில் இருபத்தாறு கொட்டைகள் இருந்தன. சதுரத்தில் ஒன்றுகூட இல்லை. அப்பா அந்தப் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். வெகுநேரம் அதையே கையில் வைத்துக்கொண்டிருந்தார். நான் பின்கட்டு வாசலுக்கு ஓடி, "உனக்கும் போகத்தான் ஆசையா அத்தே?" என்று கேட்டேன்.

"ஆமாண்டி. அங்க நல்லா காத்து வருமாம்."

பெட்டிகளை அம்மா அன்று மாலையே அடுப்பில் போட்டு எரித்தாள். அத்தை புதன்கிழமை போனாள். ஒன்பது மாதம் அங்கே இருந்தாள். அப்பா மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவார். கடைசித் தடவை போனவர் அவளை அங்கேயே அடக்கம் செய்துவிட்டு வந்தார். அவளுடைய ஜெபமாலையைக்கூட வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் கொட்டை போடவில்லை. சிநேகிதியும் வரவில்லை, அவர்கள் பொன்மலைக்கு வீடு மாற்றிப் போய்விட்டார்கள்.

நான் கல்லூரிக்குப் போன காலத்தில், இந்த நோய்க்காரர்களை வீட்டிலேயே வைத்து ஒழுங்காக மருந்து கொடுத்தாலும் மற்றவர்களுக்கு ஆபத்து ஒன்றும் பெரிதாகக் கூடிவிடுவதில்லை என்று டாக்டர்களே சொல்லத் தொடங்கியிருந்தார்கள். பேப்பரில் அதைப் படித்துவிட்டு அப்பாவிடம் நீட்டினேன். ஏன் நீட்டினேன் என்று இன்றுவரை என்னை நொந்துகொள்கிறேன். படித்தார், மடித்தார், எழுந்து போய்விட்டார். வாழ்நாள் முழுக்க அந்தக் கொள்கையைப் பாடம் நடத்தியவர் அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசாமலே செத்துப்போனார்.

அவர் போன பிறகுதான் அம்மா சொன்னாள். அன்று அவள் ஒரு கொட்டையை வட்டத்தில் போட்டுவிட்டு, நான்கைக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டாளாம். "அவரு தங்கச்சியாச்சே, அவரு போடுவாருன்னு இருந்துட்டேன்" என்றாள். ஆளாளுக்கு அடுத்தவரை நம்பியிருக்கிறோம். அதிகம் பேருடைய நன்மை என்பது அன்றைக்கு எங்கள் வீட்டில் அப்படித்தான் திரண்டது.

துண்டுக்கடியில் அத்தையின் கை அவ்வளவு நேரம் இருந்தது பெட்டி தெரியாமல் அல்ல. எங்கள் ஐந்து பேரில் யாராவது ஒருவர், ஒரே ஒரு கொட்டையாவது தனக்காகப் போட்டிருப்போமா என்று சதுரப் பெட்டியின் மூலை மூலையாக அவள் தேடியிருக்கிறாள். கிடைத்திருந்தாலும் தன் ஐந்தை வட்டத்தில்தான் போட்டிருப்பாள், அவள் சுபாவம் அது. ஆனால் அந்த ஒன்பது மாதம் படுத்துக் கிடந்தபோது நினைத்துக்கொள்ள அந்த ஒன்று இருந்திருக்கும். அவள் தேடி முடிப்பதற்குள் நான்தான் அவளுக்கு வட்டம் எங்கே என்று காட்டினேன்.