பிரவுசருக்குள் அண்ணனின் கம்ப்யூட்டர்

என் அண்ணி கட்டிய கம்ப்யூட்டருக்கு எடை கிடையாது. தூசி படியாது, சூடாகாது, யாரும் அதைத் தூக்கி யாருக்கும் கொடுத்துவிட முடியாது. இந்தக் கடைசி விஷயத்தை எனக்காகவே யோசித்துச் செய்தாள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிரவுசரைத் திறந்து ஒரு முகவரியைத் தட்டினால் அது வரும். முதலில் வெறும் நீலம். அப்புறம் மெதுவாக ஓர் ஏரி, இடது ஓரத்தில் ஒரு மரம், கீழே சாம்பல் நிறப் பட்டை, ஏரியின் மேல் இருபத்து மூன்று ஐகான்கள். வலது மூலையில் மணி நாலு பத்து. காலையில் திறந்தாலும் நாலு பத்துதான், சாயங்காலம் திறந்தாலும் நாலு பத்துதான். முதல் தடவை பார்த்தபோது, "அண்ணி, உங்க கடிகாரம் ஓடல" என்றேன். "அது ஓடாதுங்க" என்றாள். எனக்கு வாய் நீளம். ஆனால் அன்றைக்கு அது அதற்கு மேல் நீளவில்லை.

அவள் இதைக் கட்டவேண்டி வந்ததற்கு நான்தான் காரணம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் போய் மூன்றாவது மாதம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். அதைப் பற்றி நிறையச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அண்ணி ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரிப்போர்ட் டைப் செய்கிறவள், வேலைக்குத் திரும்பிவிட்டாள். நான் லீவு போட்டு, அவள் வீட்டை ஒழுங்குபடுத்திக் கொடுக்கிறேன் என்று கிளம்பிப் போனேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. ஓர் அறை கலைந்து கிடந்தால் எனக்குக் கை அரிக்கும். அண்ணன் மேசையில் அவனுடைய பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அவன் இருந்தபோதே கடைசிச் சில வாரம் அது ஆன் ஆகாமல் கிடந்தது. பழைய சாமான் எடுக்கிறவர் தெருவில் கூவிக்கொண்டு போனார். கூப்பிட்டு, "இது ஓடாது" என்றேன். "ஓடாட்டியும் பரவால்லம்மா" என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். துடைத்த மேசையைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

சாயங்காலம் அண்ணி வந்தாள். மேசையில் கம்ப்யூட்டர் இருந்த இடம் மட்டும் வெளிறாமல் சதுரமாகத் தெரிந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"எங்கடி அது?"

"அதுதான் ஓடலையே அண்ணி, பழைய சாமான்காரர்கிட்ட..."

"ஓடாட்டி என்ன. உள்ள டிஸ்க் நல்லாத்தானே இருந்திருக்கும். ஆளைக் கூட்டிட்டு வந்து அதை மட்டும் எடுக்கச் சொல்லலாம்னு இருந்தேன்."

மறுநாள் இரண்டு பேருமாகப் பழைய சாமான் கடைகளை ஏறி இறங்கினோம். நாலாவது கடையில் அதன் மூடி மட்டும் கிடைத்தது, அண்ணன் ஒட்டிய ஸ்டிக்கரோடு. மற்றதெல்லாம் பிரித்துப் பாகம் பாகமாக எங்கெங்கோ போய்விட்டதாம். நான் செய்தது தப்பு. இப்போதும் அதைப் பூசி மெழுக எனக்கு மனசில்லை.

திட்டியிருந்தால் தேவலை. அண்ணி "பரவாயில்லைங்க" என்றாள். பதினெட்டு வருஷமாக வாடி, போடி, தின்னியாடி என்று பேசியவள், அன்றிலிருந்து தண்ணீர் கேன் போடுகிறவரிடம் பேசுவதுபோல என்னிடம் பேச ஆரம்பித்தாள். போனால் நாற்காலியைத் துடைத்துப் போடுவாள். டீ கொடுப்பாள். டம்ளரைக்கூடக் கழுவ விடமாட்டாள்.

அண்ணி கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. அவள் வேலை செய்யும் இடத்தில் ரிப்போர்ட் எல்லாம் பிரவுசரில்தான் வரும், போகும். ஒருநாள் ஒரு பக்கம் கோணலாக வந்ததென்று எதையோ அழுத்தப்போய், பக்கத்தின் உள்பக்கம் வந்து நின்றுவிட்டது. வரி வரியாகக் குறிகளும் எழுத்துகளும். மற்றவர்களாக இருந்தால் பயந்து மூடியிருப்பார்கள். இவள் சாப்பாட்டு நேரம் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். "துணியைத் திருப்பிப் போட்டா தையல் தெரியுமே, அந்த மாதிரி இருந்துச்சுங்க" என்றாள். நான் சன்னலுக்குத் திரை தைக்கும் கடையில் வேலை பார்க்கிறவள். எனக்குப் புரியட்டும் என்று அப்படிச் சொன்னாள் போலிருக்கிறது.

அன்றிலிருந்து அவளுடைய சாப்பாட்டு நேரமெல்லாம் அதற்கே போனது. படித்தாள், பார்த்து எழுதினாள், எழுதியதை மாற்றிப் பார்த்தாள். ஒரு மாதத்தில் திரையில் ஒரு பெட்டி வந்தது. அடுத்த மாதம் அந்தப் பெட்டி மவுஸைப் பிடித்துக்கொண்டு கூடவே நகர்ந்தது. அதற்கடுத்து, மூலையில் இருக்கும் குறியை அழுத்தினால் மூடிக்கொண்டது. அப்போதுதான் அண்ணனின் கம்ப்யூட்டரைத் திரும்பக் கட்டலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. செகண்ட்ஹேண்டில் ஒரு லேப்டாப் வாங்கி அதே மேசையில் வைத்தாள்.

அவள் கையில் இருந்தது ஒரே ஒரு போட்டோ. அண்ணன் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து சிரிக்கிறான்; அவனுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் திரை, அதன் மூலையில் மணி நாலு பத்து. அதைப் பெரிதாக்கி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வோர் ஐகானாகப் பார்த்து, அதனதன் இடத்தில் வைத்தாள். திரையின் நடுப்பகுதியை அவன் தலை மறைத்திருந்தது. அங்கே ஏரியில் ஒரு படகு இருந்ததாக எனக்கு ஞாபகம். இல்லவே இல்லை என்றாள் அண்ணி. கடைசியில் அந்த இடத்தில் பனியை வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால், பனி விலகி அவன் தலை திரும்பும்போலத் தோன்றும். நான் அதைச் சொன்னதில்லை. அவளுக்கும் அப்படித் தோன்றும் என்று எனக்குத் தெரியும்.

"எல்லாம் பெட்டிதாங்க" என்று ஒருநாள் விளக்கினாள். "ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நம்பர் உண்டு. எதைத் தொடறோமோ அதுக்குப் பெரிய நம்பரா குடுத்துடுவேன். அது முன்னால வந்துடும், மத்ததெல்லாம் பின்னால போயிடும்." என் நம்பர் அப்போது எந்த அடியில் கிடந்தது என்று எனக்குத் தெரியாதா என்ன.

நடுவில் ஒருமுறை எல்லாம் போயிற்று. ஐகான்களின் இடம், அவள் ஞாபகத்திலிருந்து எழுதிச் சேர்த்த அண்ணனின் பாட்டுப் பட்டியல், எல்லாவற்றையும் முதலில் பிரவுசரின் ஞாபகத்திலேயே வைத்திருந்தாள். மெதுவாக ஓடுகிறதே என்று ஒருநாள் பிரவுசரைச் சுத்தம் செய்தாள். ஏரி இருந்தது; அதன்மேல் ஒன்றுமே இல்லை. அதற்கப்புறம்தான் எல்லாவற்றையும் வெளியே ஒரு சர்வரில் இடம் பிடித்து வைத்தாள். "சுத்தம் பண்றேன்னு நானே தொலைச்சேங்க" என்று என்னிடம் சொன்னபோது என் கண்ணைப் பார்க்கவில்லை. எனக்கு ஆறுதலாகச் சொன்னாளா, குத்திக் காட்டினாளா என்று பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை யோசித்தேன்.

ஆரம்பத்தில் எல்லாம் சட்டென்று திறந்தன. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. அண்ணனின் கம்ப்யூட்டர் எதைத் தொட்டாலும் நாலு நொடி யோசிக்கும். அந்த நாலு நொடியும் அவன் மேசையில் விரலால் தாளம் போடுவான். ஆகவே இவள் உட்கார்ந்து, எதைத் திறந்தாலும் நாலு நொடி காத்திருக்கும்படி எழுதிச் சேர்த்தாள். "ஊரெல்லாம் வேகமா ஓடணும்னு பாடாப் படுது, நீங்க பிரேக் போடறீங்களே அண்ணி" என்றேன். லேசாகச் சிரித்தாள். கம்ப்யூட்டர் போன நாளுக்குப் பிறகு அவள் என் பேச்சுக்குச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

இருபத்து மூன்றில் இருபத்திரண்டு ஐகான்களுக்குள்ளும் வைக்க வேண்டியதை வைத்துவிட்டாள். அவன் விளையாடும் சீட்டு விளையாட்டைக்கூட எழுதிவிட்டாள். மிச்சம் ஒன்று, கீழே வலது ஓரத்தில். ஒரு ஃபோல்டர். அண்ணனே வைத்த பெயர்: தொடாதே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு அதைத் திறந்து காட்டினாள். நாலு நொடி. ஒரு வெள்ளைச் சன்னல் விரிந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"இதுல என்ன வைக்கறதுன்னு எனக்குத் தெரியலங்க. தொடாதேன்னாரு, நானும் தொடல. இப்ப தினமும் அதுல வந்துதான் நிக்கிறேன்." அந்த வெள்ளைச் சன்னலை மூடினாள். "வேற யாராவது இருந்திருப்பாங்களோ?"

"சீ, என்ன அண்ணி பேசறீங்க."

"அப்படி இருந்தாலும் பரவாயில்லைங்க. தெரிஞ்சாப் போதும்."

பரவாயில்லை என்று சொன்ன முகம் அப்படி இல்லை. அந்த ஃபோல்டரில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். வாய்வரை வந்ததை மென்று முழுங்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். அண்ணிக்குப் போட்டோ என்றால் ஆகாது. கேமராவைப் பார்த்தால் முகத்தை மூடிக்கொள்வாள். ஆனால் உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுவாள், வாயை நன்றாகத் திறந்துகொண்டு. அண்ணன் அதைப் படம் எடுத்து அந்த ஃபோல்டரில் சேர்த்து வைத்திருந்தான். அவற்றில் சிலதை எனக்கு அனுப்புவான். நானும் அவனும் அவள் முதுகுக்குப் பின்னால் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். அந்தப் படங்கள் என் போனில் இருந்தன, அவன் எழுதிய செய்திகளோடு. அவன் போனபின் நான் அந்தப் பக்கமே போகவில்லை. போனால் அழுவேன்.

ஏற்கெனவே ஒரு குற்றம் என் தலையில். இதையும் சொன்னால் இரண்டு. 'வாங்க' என்பதாவது மிச்சம் இருக்கிறது, அதுவும் போய்விடுமோ என்று பயந்தேன். இரண்டு வாரம் கடையில் திரைகளின் அளவைத் தப்புத் தப்பாக வெட்டினேன். 'வேற யாராவது இருந்திருப்பாங்களோ' என்ற குரல் மட்டும் காதைவிட்டுப் போகவில்லை. என் அண்ணன் அப்படிப்பட்டவன் இல்லை. அதைச் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். எனக்குக் கெட்ட பெயர் வந்தால் வரட்டும் என்று இரண்டாவது ஞாயிறு மத்தியானம் போய் நின்றேன்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அண்ணி என் போனை வாங்கி கேபிளில் செருகினாள். "இழுத்து அதுல போடுங்க" என்றாள். நானே ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டேன். பதினொன்று. பிறகு அவள் ஃபோல்டரை மூடி, முதலிலிருந்து திறந்தாள். அந்த நாலு நொடியும் அவள் விரல்கள் மேசையில் தாளம் போட்டன. தான் போடுவது அவளுக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை.

படங்கள் வரிசையாக விரிந்தன. சோபாவில் செய்தித்தாளின் மேல் தலை. ஆஸ்பத்திரி வரிசையில் யாரோ முன்பின் தெரியாத அம்மாளின் தோளில். கையில் கடித்த பிஸ்கட்டோடு. பஸ்ஸில் சன்னல் கம்பியில் நெற்றியை வைத்து.

"இது எப்ப எடுத்தது?" பஸ் படத்தில் விரலை வைத்தாள்.

அதற்கு அண்ணன் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன். "எப்படித் தூங்கறா பாரு. எழுப்ப மனசு வரல. ரெண்டு ஸ்டாப் தாண்டி வந்துட்டோம்."

அண்ணி படத்திலிருந்து விரலை எடுக்கவில்லை. "டிரைவர் நிறுத்தலன்னாரே" என்றாள் மெதுவாக. "அவ்வளவு தூரம் வெயில்ல திரும்பி நடந்தோம். வழியெல்லாம் அந்த டிரைவரைத் திட்டிக்கிட்டே வந்தேன். அவரும் கூடச் சேர்ந்து திட்டினாரு."

அழுதாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதையெல்லாம் பாத்து ரெண்டு பேரும் சிரிச்சிருக்கீங்க" என்றாள். நான் ஆமாம் என்றேன். எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். குழாய் ஓடும் சத்தம் வந்தது. பின்னால் போகலாமா, கிளம்பிவிடலாமா என்று தெரியாமல் சோபாவில் உட்கார்ந்தேன். இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்காத உடம்பு. திரையில் ஏரி மட்டும் தெரிந்தது, நடுவில் அந்தப் பனி. அது கொஞ்சம் கொஞ்சமாக அறைக்குள் வந்து என்மேலும் படிவதுபோல இருந்தது.

கண் விழித்தபோது வெயில் சுவரிலிருந்து இறங்கிவிட்டிருந்தது. அண்ணி மேசையில் உட்கார்ந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். "உங்க பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள், திரும்பாமலே. கிளம்பினேன். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அவளிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை கடையில் சாப்பாட்டு நேரம். மேசையில் பாதி தைத்த திரை கிடந்தது. என்னவோ தோன்றி, போனில் அந்த முகவரியைத் தட்டினேன். நீலம் வந்தது, ஏரி வந்தது. என் கையில் மணி ஒன்று இருபது, அங்கே நாலு பத்து. தொடாதே என்பதைத் தொட்டேன். நாலு நொடி.

பன்னிரண்டு படங்கள் இருந்தன.

பன்னிரண்டாவதில் அண்ணியின் சோபா. அதில் கைப்பையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தபடி, தலை ஒரு பக்கம் சாய்ந்து நான். அண்ணியின் வாயெல்லாம் ஒரு வாயா என்கிற அளவுக்கு என் வாய் திறந்திருந்தது.

எத்தனை நேரம் பார்த்தேனோ தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"பாத்தியாடி?" என்றாள்.