டீச்சரின் விண்ணப்பமும் என் ‘அஞ்சு நிமிஷமும்’

லினக்ஸ் பற்றி இந்தப் பக்கத்தில் நான் அளந்துவிட்டதையெல்லாம் பொறுமையாகப் படித்தவர்கள் நீங்கள். வைரஸ் வராது, கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் நினைத்த மென்பொருள் வந்து நிற்கும், இன்னொரு வரி தட்டினால் போய்விடும்... எத்தனை வாரம் பீற்றியிருப்பேன்? இந்த வாரம் அப்படி இல்லை. போன திங்கட்கிழமை நான் செய்த காரியத்தை வீட்டில்கூட முழுதாகச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

இரத்தோட்டை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்கொரு கம்யூனிகேஷன் கடை இருப்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். போட்டோகொப்பி, டைப்செட்டிங், கலியாணக் கார்ட் — இதுதான் பிழைப்பு. அன்று காலை பத்தரை மணிக்கு புஷ்பராணி டீச்சர் வந்தார். மேலே தேயிலைத் தோட்டத்தில் ஒன்பது வருடமாக முன்பள்ளி நடத்துபவர். கையில் ஒரு ஃபைல்.

“சர்டிபிகேட் எல்லாம் ஒரு கொப்பி எடுக்கணும்ண்ணே. அப்ளிகேஷன் குடுக்க இன்னைக்குத்தான் கடைசி.”

தோட்டப் பாடசாலைகளுக்கு உதவி ஆசிரியர்கள் எடுக்கிறார்களாம். அரசாங்க வர்த்தமானியில் உள்ள மாதிரியைப் பார்த்து விண்ணப்பத்தை நாமே தயாரித்து, மாத்தளையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் வைத்திருக்கும் பெட்டியில் மூன்று மணிக்குள் போட வேண்டும். வயதெல்லை முப்பத்தைந்து. டீச்சருக்கு அடுத்த மாதம் முப்பத்தாறு. இதை விட்டால் இனி இல்லை.

அவர் விண்ணப்பத்தை எழுதியே கொண்டு வந்திருந்தார். நாலு பக்கம். அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, முத்து முத்தான கையெழுத்து. கொப்பியை எடுத்துக் கொடுத்திருந்தால் அடுத்த பஸ்ஸில் மாத்தளைக்குப் போயிருப்பார். எனக்கும் இந்த வாரம் எழுத வேறு விஷயம் தேட வேண்டியிருந்திருக்கும்.

நான் விட்டேனா?

“என்ன டீச்சர், இந்தக் காலத்துல கையில எழுதிக் குடுத்தா யாரு பாப்பாங்க? நான் டைப் பண்ணித் தர்றேன். அஞ்சு நிமிஷம். காசெல்லாம் வேணாம்.”

டீச்சர் தயங்கினார். “கையில எழுதுனாலும் எடுப்பாங்கன்னு போட்டிருக்குண்ணே...” என்றார். அதற்குள் நான் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டேன். டைப்செட்டிங்காரன் புத்தி! எந்தத் தாள் வந்தாலும் அதில் குறி போடாமல் எனக்கு அடிக்க வராது. இந்தத் தலைப்பு நடுவில், இது தடித்த எழுத்து, இந்த வரி மேலே போகட்டும் என்று அம்புக்குறி... நாலு பக்கமும் சிவப்பு. இனி அந்தத் தாளை எந்தப் பெட்டியிலும் போட முடியாது. டீச்சரின் முகம் ஒரு மாதிரி ஆனது.

இரண்டாம் பக்கம் அடித்துக்கொண்டிருக்கும்போது கணினி முரண்டு பிடித்தது. டிஸ்கில் இடமில்லை, சேமிக்க முடியாது என்றது.

வேறு யாராக இருந்தாலும் பழைய போட்டோக்கள் நாலை அழித்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். நான் கறுப்புத் திரையைத் திறந்தேன். போன வருட விடுமுறையில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தவென்று ஒரு பெரிய தமிழ் மென்பொருள் பொதியை இறக்கியிருந்தேன். விளையாட்டு, அகராதி, படம் என்று ஒரு மூட்டை. அதை நீக்கச் சொல்லி ஒரு வரி தட்டினேன். போயிற்று.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். லினக்ஸில் ஒரு மென்பொருளை இறக்கினால், அது தனக்கு வேண்டிய துணை மென்பொருள்களையும் கூட்டிக்கொண்டு வரும். விருந்தாளியாக வந்த அந்த மென்பொருளை நீக்கிவிட்டால், ‘இவர்கள் கூட வந்தவர்கள், இனித் தேவையில்லை, இவர்களையும் அனுப்பிவிடலாமே’ என்று லினக்ஸ் சொல்லும். அதற்கென்றே ‘ஆட்டோரிமூவ்’ என்று ஒரு கட்டளை. அதுவும் சும்மா செய்யாது... பெயர்ப் பட்டியலைக் காட்டி, சம்மதமா என்று மரியாதையாகக் கேட்கும். ஆனால் கட்டளையோடு ஒரு சின்ன y சேர்த்துத் தட்டினால் கேட்காது. எல்லாவற்றுக்கும் ஆம் என்று எடுத்துக்கொள்ளும்.

நான் அந்த y-யைச் சேர்த்தேன். டீச்சர் பார்த்துக்கொண்டிருக்கிறாரே! வரிகள் மளமளவென்று ஓடின. “பாத்தீங்களா, எவ்வளவு வேகம்!” என்றுகூடச் சொன்னேன். போதாக்குறைக்கு, முன்பு இறக்கிய பொதிகளின் பிரதிகளையும் துடைத்தெறியும் கட்டளையைக் கொடுத்தேன்.

இடம் தாராளமாகக் கிடைத்தது. தமிழ்தான் காணாமல் போனது.

என் தமிழ் விசைப்பலகையும் எழுத்துருக்களும் அந்த மூட்டையோடு வந்தவை. எனக்கு மறந்தே போய்விட்டது. ஓடிய வரிகளில் அவற்றின் பெயர்களும் இருந்திருக்கும். யார் படித்தது? திரையில் டீச்சரின் பெயர் இருந்த இடத்தில் வெறும் கட்டங்கள்.

திரும்ப இறக்கினால் சரிதானே? ஒரே வரி. “அஞ்சு நிமிஷம் டீச்சர்!” என்றேன். மலைப் பக்கம் மழை பிடித்திருந்தது. கடை ரவுட்டரில் இன்டர்நெட் இல்லை. போனிலிருந்து எடுத்தேன். நூற்றுக்குப் பன்னிரண்டு வீதத்தில் நின்றது. விட்டு விட்டு வந்தது. ஒரு வழியாக ஒரு பொதி இறங்கி உள்ளே ஏறிக்கொண்டிருந்தபோது, தொங்கிவிட்டது என்று நினைத்து நடுவில் நிறுத்தினேன். அதன் பிறகு எதைத் தட்டினாலும் ‘பாதியில் நிற்கும் வேலையை முதலில் சரிசெய்’ என்று ஒரே பதில். அதைச் சரிக்கட்டி, மறுபடியும் முதலிலிருந்து இறக்கத் தொடங்கினேன்.

பன்னிரண்டரை இருக்கும். டீச்சர் மெதுவாகக் கேட்டார்.

“அண்ணே, நான் கையிலேயே திரும்ப எழுதிரவா?”

“எதுக்கு டீச்சர்? இந்தா வந்துரும்.”

ஒரு மணிக்கு ரிழ்வான் நாநா எட்டிப் பார்த்தார். இரண்டு கடை தள்ளி அவருக்கும் ஒரு கம்யூனிகேஷன். அவருடைய பழைய மெஷினைக் கேலி பண்ணி நான் இங்கேயே எழுதியிருக்கிறேன். அவர் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.

“தம்பி, டீச்சர நம்மட கடைக்கு அனுப்புங்களே. நான் அடிச்சித் தாரேன்.”

“வேணாம் நாநா. முடியப் போகுது.”

முடியப் போகிறதாம்! முப்பத்தேழு வீதம்.

ஒன்றுமே தெரியாதவன் கையை விரித்துவிடுவான். நன்றாகத் தெரிந்தவன் எவ்வளவு நேரமாகும் என்று சரியாகச் சொல்லிவிடுவான். என்னைப் போல அரைகுறையாகத் தெரிந்தவனிடம் மாட்டினால்தான் ஆபத்து. அவன் ஐந்து ஐந்து நிமிடமாகவே உங்கள் நாளைத் தின்றுவிடுவான்.

ஒன்றரைக்கு டீச்சர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நாலு ஏ4 தாளை எடுத்தார். அடிமட்டம் வைத்துக் கோடு போட்டார். என் சிவப்புக் குறிகளுக்கு நடுவே தன் எழுத்தைத் தேடித் தேடி, முதலிலிருந்து எழுதத் தொடங்கினார். அப்போதும் நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

எழுதி முடிக்க இரண்டரை தாண்டிவிட்டது. ஒரு த்ரீவீலை மறித்து நானும் கூடவே ஏறினேன். கடையை விட்டு இறங்கும்போது திரையில் நூறு வீதம் என்றிருந்தது. சந்தோஷப்படத் தோன்றவில்லை. வழியெல்லாம் மழை. டீச்சர் ஃபைலைச் சேலைத் தலைப்பால் மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

கந்தோருக்குள் ஓடும்போது மூன்று பத்து. மேசை இருந்தது. பெட்டி இல்லை. பியோன் நல்ல மனிதர். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். மூன்று மணிக்கே சீல் வைத்துவிட்டார்கள் என்று சிங்களத்தில் சொன்னார். சேலைத் தலைப்பு நனைந்திருப்பதைப் பார்த்து, உட்காரச் சொல்லிக் கதிரையும் போட்டார். நான் கெஞ்சிப் பார்த்தேன். டீச்சர் கெஞ்சவில்லை. உட்காரவும் இல்லை.

பஸ்ஸில்தான் திரும்பினோம். மாத்தளை டவுனைத் தாண்டினோம். பிறகு சொன்னேன்.

“என்னைய நல்லா ஏசிருங்க டீச்சர். மனசுல வச்சுக்காதீங்க.”

அவர் ஃபைலில் பட்டிருந்த ஈரத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

“பன்னண்டரைக்கே எனக்குத் தெரிஞ்சிருச்சுண்ணே, இது சரிவராதுன்னு. எந்திரிச்சுப் போயிருக்கணும். எனக்காக நீங்க இவ்வளவு பாடுபடுறீங்க... நடுவுல எந்திரிச்சா உங்க மனசு நோகுமேன்னுதான் இருந்துட்டேன்.”

ஏசியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது? அவர் இறங்கும் இடம் வந்தது. “போய்ட்டு வாறேண்ணே” என்றார். மறுநாள் முன்பள்ளிக்குப் போயிருக்கிறார், வழக்கம்போல.

டீச்சர் எனக்காக உட்கார்ந்திருந்தார். நானும் எனக்காகத்தான் தட்டிக்கொண்டிருந்தேன்.