மத்தியானப் பை

என் வீட்டுக்காரருக்கு டிரைவிங் ஸ்கூலில் 'மெதுவா சார்' என்று பெயர். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் வைத்தது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டு, இருபத்திரண்டு வருஷமாக இவர் சொல்லித்தரும் ஒரே பாடம் அதுதான். வீட்டிலும் அப்படித்தான். இவரிடம் ஒரு பதில் வாங்குவதற்குள் எனக்குத் தலை நரைத்துவிடும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் இவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிரித்துவிட்டன. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரி மெஷினில் படுத்தால் வேலை போய்விடும். அதனால் வீட்டிலேயே செய்துகொள்ளும் முறைக்கு ஒப்புக்கொண்டோம். வயிற்றில் நிரந்தரமாக ஒரு குழாய். சர்க்கரை கலந்த மருந்துத் தண்ணீரை இரண்டு லிட்டர் பையிலிருந்து உள்ளே விட்டு, நாலைந்து மணி நேரம் கழித்து வடித்துவிட்டு, அடுத்த பையை மாட்ட வேண்டும். காலை, மத்தியானம், சாயங்காலம் என்று மூன்று பை. படுக்கப்போகும் முன் கடைசியாக வடிக்க வேண்டும். காய்ச்சல், கல்யாணம், ஞாயிற்றுக்கிழமை என்று எந்தச் சாக்கும் செல்லாது.

வயிற்றுக்குள் குடலைப் போர்த்தினாற்போல ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. ரத்தத்தில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் கழிவு, அந்தச் சவ்வைத் தாண்டி, கழிவே இல்லாத அந்தத் தண்ணீருக்குத் தானாக வந்துவிடும். யாரும் பிடித்துத் தள்ள வேண்டியதில்லை. உடம்பில் தேங்கிய நீரும் சர்க்கரை கூடிய பக்கம் பார்த்து வந்து சேரும். உள்ளே போனது இரண்டு லிட்டர் என்றால் அதைவிட அரை லிட்டராவது கூடுதலாக வெளியே வர வேண்டும். வராவிட்டால் நீர் முதலில் காலில் கோக்கும், பிறகு நுரையீரலில். அந்த அரை லிட்டரில்தான் இவர் மூச்சு இருக்கிறது.

முதல் வருஷம் இவரே அவசரத்தில் குழாயை மாட்டப்போய், வயிற்றில் கிருமி புகுந்து, பிழைப்பதே பெரும்பாடாகிவிட்டது. அன்றிலிருந்து மாட்டுவதும் கழற்றுவதும் என் கை. வடிந்த பையைக் கொக்கித் தராசில் தொங்கவிட்டு, எடையை நோட்டில் எழுதுவது இவர் கை.

நான் பள்ளிச் சீருடை தைக்கும் இடத்தில் வேலை பார்க்கிறேன். மத்தியானம் ஒரு மணி நேர இடைவேளை. இவரும் அந்நேரம் டிரைவிங் ஸ்கூலிலிருந்து வீட்டுக்கு வந்துவிடுவார். பத்து நிமிஷம் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு, அரை மணி பைக்கு, திரும்பப் பத்து நிமிஷம். மிச்ச நேரத்தில் நின்றபடி நாலு வாய். ஆறு வருஷம் இப்படி ஓடினால் இரும்பும் தேயும், நான் எம்மாத்திரம்.

போன மாதம் ஒருநாள் கையைக் கழுவிக்கொண்டே சொல்லிவிட்டேன். "என்னால முடியலங்க. சர்க்கரை கூடின பையக் காலைல போட்டு, சாயங்காலம் வரைக்கும் அப்படியே விட்டா என்ன? வெள்ளரிக்காயில உப்பத் தூவி வெச்சா நேரமாக ஆகத் தண்ணி விடத்தானே செய்யுது?"

இவர் வழக்கம்போல யோசித்தார். "பாப்போம்" என்றார்.

மறுநாள் மாலை வடிந்த பையைத் தராசில் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு, "ரெண்டு கிலோ ஏழுநூறு" என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. டாக்டருக்குத் தோன்றாதது எனக்குத் தோன்றிவிட்டதாம். அன்று தூங்கியது போலவே தினமும் மத்தியானம் தையல் மிஷின் மேலேயே தலையை வைத்துத் தூங்கினேன். வீட்டுக்கு வந்து அந்தத் தூக்கத்தைப் பற்றி இவரிடம் கதை கதையாகச் சொன்னேன்.

நாலாவது வாரம் இவர் ஷூ காலில் ஏறவில்லை. செருப்போடு வேலைக்குப் போனார். மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கினார். ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

சிஸ்டர் இவரை எடை போட்டார். நோட்டைப் புரட்டினார். "நோட்டுப்படி நீங்க எளச்சிருக்கணும். ஆனா அஞ்சு கிலோ ஏறியிருக்கீங்க. நோட்டு பொய் சொல்லுதா, எங்க மெஷின் பொய் சொல்லுதா?"

இவர் வாயைத் திறப்பதற்குள் நான் என் வெள்ளரிக்காய் யோசனையை அங்கேயும் பெருமையாக எடுத்துவிட்டேன்.

சிஸ்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "வெள்ளரிக்காய்த் தண்ணி தட்டுல நின்னுடும்மா. வயித்துக்குள்ள நிக்காது. சர்க்கரையும் அதே சவ்வு வழியாக் கொஞ்சங்கொஞ்சமா ரத்தத்துக்குப் போயிடும். நாலஞ்சு மணி நேரத்துல பெரும்பாலும் போயிடும். அப்புறம் தண்ணிய இழுக்க அங்க எதுவும் இல்ல. வெளிய வந்த தண்ணிய ஒடம்பு திரும்ப உறிஞ்சிக்கும். பத்து மணி நேரம் விட்டா, போட்ட ரெண்டு லிட்டரே முழுசா வராது."

"அப்போ ரெண்டு கிலோ ஏழுநூறு?"

"அத இவரத்தான் கேக்கணும். மத்தியானப் பை இல்லாம முடியாது. இன்னும் ரெண்டு வாரம் விட்டிருந்தா நுரையீரல்ல நீர் கோத்திருக்கும். அப்புறம் நான் இப்படிப் பேசிட்டு இருக்க மாட்டேன்."

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். எனக்குக் கோபம் வந்தது.

"ஏங்க பொய் எழுதினீங்க? செத்துப்போனா என்ன பண்ணுவேன் நான்?"

நாலு பஸ் போயிற்று. இவர் வாயைத் திறந்தார்.

"முதல் நாளே கொறஞ்சுதான் வந்துச்சு. சொல்லணும்னுதான் இருந்தேன். நீ வந்து மத்தியானம் தூங்கினேன்னு சொன்ன. ஆறு வருஷத்துல உன் மொகத்த அப்படிப் பாத்ததில்ல. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டேன். அப்படியே நாள் போயிடுச்சு."

எனக்கு அழுகைதான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. 'நாளையிலிருந்து மத்தியானத் தூக்கம் போச்சே' என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி நினைத்தது தெரிந்த பிறகுதான் அழுதேன்.