கரியும் கறியும்

ஐம்பதுகளின் நடுவில் சிராங்கூன் சாலையை ஒட்டிய தமிழ்ப் பள்ளியொன்றில் நான் ஆசிரியையாக இருந்தேன். அன்றைய பாடம் நிலக்கரி. சதுப்பில் சாய்ந்த காடு மண்ணுக்கடியில் மக்கி, நெடுங்காலம் அமுங்கி, கறுத்த கல்லாய் இறுகிய கதையைப் பிரமாதமாகச் சொன்னேன். புத்தகத்தில் அவ்வளவுதான் இருந்தது; எனக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். கப்பலிலும் ரயிலிலும் எரிப்பார்கள் என்று முடித்தேன்.

மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள். காலாங் பக்கம் கேஸ் தயாரிக்கும் இடத்தில் அவள் அப்பாவுக்கு உலை வேலை.

"அங்க எரிக்க மாட்டாங்க டீச்சர். மூடிப் போட்டுக் கரிய வேகவைப்பாங்க."

உச்சரிப்பு விஷயத்தில் எனக்கு எப்போதுமே கொஞ்சம் திமிர் உண்டு. வேகவைப்பது வல்லின றகரம் போட்ட கறி, இது இடையின ரகரம் போட்ட கரி என்றேன். அதோடு விட்டிருக்கலாம். உங்கப்பா உப்பு, புளியெல்லாம் போடுவாரா என்றும் கேட்டுவைத்தேன். வகுப்பு சிரித்து ஓய வெகுநேரமாயிற்று. இரண்டு சொற்களையும் ஐம்பது முறை எழுதி வரச் சொல்லி அவளை உட்காரவைத்தேன்.

மாலையில் என் கணவரிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. காற்றுப் புகாத உலையில் நிலக்கரியை வாட்டினால் வாயு பிரியும், தார் வடியும், மிஞ்சுவது கல்கரி என்றார். எங்கள் வாசலில் இருந்த தெருவிளக்கே அந்த வாயுவில்தான் எரிந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அந்தப் பெண் சொன்னதே சரி என்று காலையில் முதல் வேலையாக வகுப்பில் சொல்லிவிட முடிவு செய்தேன்.

காலையில் வகுப்பு வாசலில் அவள் அப்பா நின்றிருந்தார். சட்டை வெளுத்திருந்தது, நகக்கண்ணில் மட்டும் கறுப்பு போகவில்லை.

"நான் படிக்காதவன் டீச்சர். எங்க வாயில ரெண்டும் ஒண்ணாத்தான் வரும். அதக் கேட்டுத்தான் புள்ள தப்பாப் பேசிருச்சு. மன்னிச்சிருங்க."

பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தப்பு என்னுடையது என்ற பேச்சு தொண்டைவரை வந்தது.

"பரவால்ல, இனிமே பாத்துப் பேசச் சொல்லுங்க" என்றேன்.

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அன்றும் நான் வகுப்பில் எதுவும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை.

பரீட்சையில் நிலக்கரியின் பயனைக் கேட்டிருந்தேன். அந்தப் பெண் குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தாள்: "கறியை வேகவைப்பார்கள். கரியை எரிப்பார்கள்."

எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. முழு மதிப்பெண் போட்டேன்.